கார் கண்ணாடிக்கு வெளியே யாருமே இல்லையா?

கேப் டவுன் ஜோடிப் பயணக் கட்டுரைக்கு இப்போது ஒரு அச்சு உருவாகிவிட்டது. அவனும் அவளும் விமான நிலையத்தில் ஒரு காரை வாடகைக்கு எடுப்பார்கள். "நம்மூர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும், பயப்பட வேண்டாம்" என்று ஒரு வரி வரும். ஸ்டெல்லன்போஷில் ஓக் மர நிழலும் வெள்ளைச் சுவர் வீடுகளும். ஃபிரான்ஸ்ஹூக்கில் தோட்டம் தோட்டமாக இறக்கிவிடும் ஒயின் டிராம். பிறகு மலைக் கணவாய், கொண்டை ஊசி வளைவு, முகத்தில் மோதும் மேகம். ரூட் 62 நெடுஞ்சாலையில் ஒரு சூரிய அஸ்தமனம், அவுட்ஸ்ஹூர்னில் தீக்கோழி, கடைசியில் "ஒருமுறையாவது துணையோடு போய் வாருங்கள்". நாற்பது புகைப்படங்கள். எல்லாவற்றிலும் இரண்டே பேர்.

படித்து முடித்ததும் எனக்கு வருவது ஒரே கேள்விதான். ஏம்ப்பா, அந்த ஊர்ல மனுஷங்களே இல்லையா?

இருக்கிறார்கள். கட்டுரையில் அவர்கள் "புன்னகையோடு வரவேற்ற பணிப்பெண்" ஆகவும் "நட்பான ஊழியர்" ஆகவும் ஒரு பெயரடையோடு வந்து போகிறார்கள். திராட்சைக்கு ரகத்தின் பெயர் உண்டு. ஒயினுக்கு ஆண்டு உண்டு. மலைக்கு உயரம் மீட்டரில் உண்டு. ஆளுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

இதை ஒழுக்கப் பிரச்சினையாக நான் எழுப்பவில்லை. யாரும் எங்கும் போகலாம், குடிக்கலாம், முத்தமிட்டுக்கொள்ளலாம். என் சண்டை எழுத்தோடு. "இயற்கை அழகு" என்று பெயர் வைத்து இவர்கள் எழுதுகிற எதுவும் அங்கே இயற்கையாக இல்லை. சாலை போடப்பட்டது. கொடி நடப்பட்டது. வெள்ளைச் சுவர் எழுப்பப்பட்டது. யார் போட்டார்கள், யார் நட்டார்கள், யாருக்கு என்ன கூலி என்ற கேள்விகளை எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுவதைத்தான் நாம் 'வியூ' என்கிறோம். மிஞ்சியதை மட்டும் எழுதினால் அது பயணக் கட்டுரை ஆகாது. அது விளம்பரம்; அதிலும் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்த விளம்பரம்.

கல்லை உருட்டியவர்கள்

சாலையிலிருந்தே தொடங்குவோம். கார் பயணத்தின் நாயகன் அதுதானே.

கேப்பின் புகழ்பெற்ற மலைச்சாலைகளை வரிசையாகச் சொல்கிறேன். மிட்செல்ஸ் கணவாய், 1848. பெய்ன்ஸ் க்ளூஃப் கணவாய், 1853. ஸ்வார்ட்பெர்க் கணவாய், 1888. கடலை ஒட்டிய பாறையைக் குடைந்து 9 கிலோமீட்டரில் 114 வளைவுகளோடு போகும் சாப்மன்ஸ் பீக் சாலை, 1922. நான்கையும் போட்டது சிறைக்கைதிகள். 1940களில் டு டாய்ட்ஸ்க்ளூஃப் கணவாய்க்கு வேலை தொடங்கியபோது இத்தாலியப் போர்க்கைதிகள் வந்து சேர்ந்தார்கள். அழகான வளைவு என்று நீங்கள் காரை ஓரம் கட்டுகிற இடங்களில் பலவும் கைதிகள் வேலை பார்த்த இடங்கள்.

இது தற்செயல் இல்லை. 1840களில் கேப் காலனியின் செயலராக இருந்த ஜான் மான்டகு கைதிகளைக் கொண்டு மலைச்சாலை போடுவதை ஒரு முறையான அரசுத் திட்டமாகவே ஆக்கினார். ஒரு கணவாய்க்கும் ஓர் ஊருக்கும் அவர் பெயர் வைக்கப்பட்டது. ரூட் 62இல் போகிறவர்கள் அந்த ஊரில் வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டுப் போகிறார்கள். பெய்ன்ஸ் க்ளூஃபுக்கு அதை வடிவமைத்த ஆண்ட்ரூ கெடஸ் பெய்னின் பெயர். ஸ்வார்ட்பெர்க்கை முடித்தது அவர் மகன் தாமஸ் பெய்ன். இருவரும் திறமைசாலிகள், சந்தேகமில்லை. ஆனால் வெடிமருந்தால் உடையாத பாறையைத் தீ மூட்டிக் காய்ச்சி, அதன்மேல் குளிர்ந்த நீரை ஊற்றிப் பிளந்தது யாருடைய கை? ஸ்வார்ட்பெர்க்கில் சாந்தே இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கி எழுப்பிய தாங்குசுவர்கள் இன்றைக்கும் சாலையைத் தாங்கி நிற்கின்றன. கைதிகளை அடைத்து வைத்த கட்டடத்தின் இடிபாடும் அங்கேயே கிடக்கிறது. சுவரைப் படம் எடுத்துப் போடுகிறோம். "அந்தக் காலத்துக் கைவண்ணம்" என்று எழுதுகிறோம். யாருடைய கை?

பெரும்பாலும் பதில் இல்லாத கேள்விதான். ஆனால் ஒரு பதில் இருக்கிறது, அது இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பதில். காபோ என்றொரு கதைசொல்லி. நம் எழுத்தில் அடங்காத ஒரு சொடுக்கொலியோடு தொடங்கும் பெயர். 'கனவு' என்று பொருள். வறண்ட கரூ நிலத்தின் ஸாம் வேட்டைக்குடியைச் சேர்ந்தவர். கால்நடை திருடியதாகக் கைதாகி, கேப் டவுன் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். 1871இல் வில்ஹெல்ம் பிளீக் என்ற மொழியியலாளர் அவரைச் சிறையிலிருந்து தன் வீட்டுக்கு அழைத்துவந்து, லூசி லாய்டுடன் சேர்ந்து அவர் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்பேடுகளிலிருந்து 1911இல் ஒரு நூல் வந்தது. அதில், வரும் வழியில் விக்டோரியா வெஸ்ட் என்ற ஊரில் தன்னையும் மற்றவர்களையும் சாலை வேலைக்கு விட்டதைக் காபோ சொல்கிறார். பெரிய பெரிய கற்களை மார்பு கொடுத்துத் தூக்கியதை, உருட்டியதை, மண் சுமந்ததை. 1873இல் ஊர் திரும்பினார், 1876இல் இறந்துபோனார். அவர் பேசிய மொழியும் இன்று உயிரோடு இல்லை.

ஒரு சாலையைப் போட்டவனே அந்தச் சாலையைப் பற்றிச் சொன்ன சொல் கிடைப்பது எவ்வளவு அபூர்வம்! கிடைத்திருக்கிறது. நம் ஜோடிக் கட்டுரைகளில் நெப்போலியன் தவறாமல் வருகிறார், காபோ வருவதில்லை.

கொடியை நட்டவர்கள்

நெப்போலியன் ஏன் வருகிறார்? செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்தபோது அவர் கேட்டு வாங்கிக் குடித்தது கேப்பின் கான்ஸ்டான்ஷியா ஒயின். ஜேன் ஆஸ்டினின் முதல் நாவலில் காதல் தோல்வியில் கிடக்கும் பெண்ணுக்கு மருந்தாக நீட்டப்படுவதும் அதே ஒயின்தான். நல்ல தகவல்கள். ஒயின் ருசிக்கும் அறைகளில் விரும்பிச் சொல்லும் தகவல்கள். இவற்றைச் சொன்னால் கையிலிருக்கும் கோப்பையின் மதிப்பு கூடும்.

கூடாத தகவல்கள் இவை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக யான் வான் ரீபெக் கேப்பில் வந்திறங்கியது 1652. முதல் பெரிய அடிமைக் கப்பல்கள் வந்து சேர்ந்தது 1658. முதல் திராட்சை பிழியப்பட்டது 1659 பிப்ரவரி 2. வரிசையைப் பாருங்கள்: ஒயினுக்கு முன்னால் அடிமை வந்துவிட்டான். 1652 முதல், அடிமை வணிகம் தடை செய்யப்பட்ட 1808 வரை ஏறத்தாழ 63,000 பேர் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள். சுமார் கால்பங்கு இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து.

ஆமா பாஸ், நம்ம பக்கத்திலிருந்தும்தான். 1658இல் நாகப்பட்டினம் டச்சுக்காரர் கைக்குப் போனது. அடுத்த ஆண்டே தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் சேர்ந்து அடித்தன. சோற்றுக்காகத் தன்னையும் பிள்ளையையும் விற்ற மக்களைக் கம்பெனி ஆயிரக்கணக்கில் வாங்கிக் கப்பலேற்றியது. பெரும்பாலோர் இலங்கைக்கும் பதாவியாவுக்கும் போனார்கள். அந்த நூற்றாண்டிலும் அடுத்ததிலும் கேப்புக்கும் ஆட்கள் போனார்கள். கேப்பின் பதிவேடுகளில் அடிமையின் பெயருக்குப் பின்னால் ஊர் இருக்கும்: 'வங்காளத்தைச் சேர்ந்த', 'மலபாரைச் சேர்ந்த', 'கரையைச் சேர்ந்த'. கம்பெனிக்காரர்கள் வெறுமனே 'கரை' என்றால் அது சோழமண்டலக் கரை. புலிக்காட்டிலிருந்து நாகைவரை நீளும் அதே கரை. அங்கே போனவர்களுக்கு அவர்கள் பிறந்த பெயர்கூட மிஞ்சவில்லை. பைபிளிலிருந்து ஒன்று, கிரேக்கப் புராணத்திலிருந்து ஒன்று, ஒன்றும் தோன்றாவிட்டால் அந்த மாதத்தின் பெயர். இன்றும் கேப்பில் செப்டம்பர், பிப்ரவரி, அக்டோபர் என்ற குடும்பப் பெயர்கள் சாதாரணம். உங்களுக்குக் கோப்பையை நிரப்புகிறவரின் சட்டையில் 'செப்டம்பர்' என்று பெயர்ப்பட்டை இருந்தால் அது யாரோ ஒருவருடைய சோம்பேறித்தனம் முந்நூறு ஆண்டாகத் தொடர்வதன் அடையாளம். தமிழில் எழுதுகிற ஒருவர் இதைக் கேட்டு எழுதாமல் வேறு யார் எழுதுவார்?

இன்னொரு விசித்திரம். ஸ்டெல்லன்போஷுக்குத் தன் பெயரைக் கொடுத்த ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல்தான் கான்ஸ்டான்ஷியா தோட்டத்தையும் 1685இல் தொடங்கியவர். அவருடைய தாய்வழிப் பாட்டியே இந்தியக் கரையிலிருந்து பதாவியாவுக்கு வந்த அடிமைப் பெண் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அடிமையின் பேரன் அடிமைகளை வைத்துத் தோட்டம் போட்டான். இதைவிட நல்ல கதை அந்தப் பள்ளத்தாக்கில் வேறு இருக்கிறதா? ஆனால் கட்டுரைகளில் வருவது "டச்சு ஆளுநர் நிறுவிய பழமையான நகரம்" என்ற ஒரு வரி.

பழைய பண்ணைகள் பலவற்றில் வெள்ளையடித்த இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு மணி தொங்கும். ஜோடிகள் விரும்பிப் படம் எடுக்கும் இடம். கல்யாணங்கள்கூட அதன்முன் நடக்கின்றன. அது அடிமை மணி. விடியுமுன் எழுப்பவும் வேலை முடிந்ததென்று சொல்லவும் அடிக்கப்பட்டது. படத்தை நீக்கச் சொல்லவில்லை. மணி என்றால் எதற்கு அடித்த மணி என்று கேட்பது எழுத்தாளனின் குறைந்தபட்ச வேலை.

கூலிக்குப் பதில் கோப்பை

"அதெல்லாம் பழைய கதை, எல்லாச் சரித்திரத்திலும் ரத்தம் இருக்கு" என்பார்கள். தெரியும். அதனால்தான் பழைய கதையோடு நிறுத்தப்போவதில்லை.

1834இல் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது. அதன்பிறகும் 'பயிற்சிக்காலம்' என்ற பெயரில் நான்கு ஆண்டு அதே எஜமானனிடம் வேலை. 1838 டிசம்பர் 1 அன்றுதான் உண்மையான விடுதலை. பிரிட்டன் தன் காலனிகள் முழுவதற்குமாக 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை இழந்த எஜமானர்களுக்கு. விடுதலையானவருக்கு நிலமும் இல்லை, காசும் இல்லை. பலர் அதே பண்ணையின் குடிசைக்கே திரும்பினார்கள்.

அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது 'டொப்'. விற்க லாயக்கில்லாத மலிவு ஒயினைக் கூலியின் ஒரு பகுதியாகத் தினம் பலமுறை ஊற்றிக் கொடுக்கும் முறை. காலையில் ஒன்று, நடுவில் ஒன்று, மாலையில் ஒன்று. பண்ணைக்காரருக்கு இரட்டை லாபம்: கழிவு ஒயின் செலவாகிறது, ஆளும் ஓடிப்போக மாட்டான். 1960களில் சட்டம் இதைத் தடை செய்தது. ஆனால் 1990கள்வரை பல இடங்களில் நடந்ததாகப் பதிவுகள் உண்டு. இதன் மிச்சம் பிள்ளைகளின் உடலில் இருக்கிறது. தாய் குடித்த மதுவால் கருவிலேயே மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்ட குழந்தைகளின் விகிதம் உலகில் மிக அதிகமாகப் பதிவான இடங்களில் இந்த ஒயின் மாவட்டங்களும் அடங்கும். ஒயின் நாட்டின் வரைபடமும் இந்த வரைபடமும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன.

இன்னும் கிட்டே வருவோம். 2011இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கேப்பின் பழ, ஒயின் பண்ணைகளைப் பற்றி ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. மோசமான குடியிருப்பு, பாதுகாப்பு உடையின்றிப் பூச்சிமருந்து, குடும்பம் குடும்பமாக வெளியேற்றம். 1997லேயே பண்ணைக் குடியிருப்பாளரைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்திருந்தும் இந்த நிலைமை. 2012 நவம்பரில் ஹெக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் டி டூர்ன்ஸ் என்ற ஊரில் வேலைநிறுத்தம் வெடித்தது. அது ஒயினுக்கல்லாமல் சாப்பிடுவதற்கான திராட்சை விளையும் ஊர். ஆனால் கூலிச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், போராட்டம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. அன்றைய குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 69 ராண்ட். அவர்கள் கேட்டது 150. 2013 மார்ச்சிலிருந்து கிடைத்தது 105. கேப் டவுனிலிருந்து வடக்கே போகும் என்1 நெடுஞ்சாலையே மூடப்பட்டது. 2019இல் நாட்டின் பொதுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 ராண்ட் என்று வந்தபோதும் பண்ணைத் தொழிலாளிக்கு மட்டும் 18. அந்த 2 ராண்ட் வித்தியாசம் போக 2021 ஆகிவிட்டது.

நீங்கள் போவது டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள். அங்கே அதுதான் கோடை. அறுவடையும் அப்போதுதான். சாலைக்கு இருபது மீட்டரில், கொடி வரிசைகளுக்கு நடுவே, குனிந்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இல்லை. சன்னலுக்கு நேர் எதிரில் நிற்பவரை எடிட்டிங்கில் வெட்டிவிட்டு "தனிமையான சாலை" என்று எழுதுவதைத்தான் நான் பொய் என்கிறேன்.

"ஹனிமூன்ல கூடவா அரசியல்?"

வழக்கமாக வரும் பதில் இதுதான். சரி, நேராகவே பேசிவிடலாம்.

ஹனிமூனில் அரசியல் வேண்டாம். தாராளமாக. போய்ட்டு வாங்க, சந்தோஷமா இருங்க. ஆனால் திரும்பி வந்து அதை ஓர் இலக்கிய இதழுக்குக் கட்டுரையாக அனுப்பும்போது அது ஹனிமூன் இல்லை. முன்பின் தெரியாத வாசகரிடம் அரை மணிநேரம் கேட்கிறீர்கள். அவர் உங்களை நம்பித் தருகிறார். "அங்கே என்ன இருக்கிறது?" என்ற அவர் கேள்விக்கு "நாங்கள் இருந்தோம்" என்பது பதிலாகாது.

இரண்டாவது பதில்: "அப்படின்னா அங்கே போய் அழணுமா?" வேண்டவே வேண்டாம். ஏழைக் குடியிருப்புக்குள் வேன் ஓட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளைப் படம் எடுத்து உச்சுக்கொட்டும் சுற்றுலாவும் கேப்பில் உண்டு. அதிலும் நடுவில் கண்ணாடி இருக்கிறது. பரிதாபம் இன்னொரு வகை 'வியூ', அவ்வளவுதான். தோட்டத்துப் பெண் உங்கள் கண்ணீருக்காகக் காத்திருக்கவில்லை. அவள் 2012இல் நெடுஞ்சாலையை மறித்தவள். கோபக்காரி. பேரம் பேசத் தெரிந்தவள்.

மூன்றாவது: "போகாம இருந்தா அவங்க வேலைதானே போகும்?" உண்மை. அதனால்தான் போகாதே என்று சொல்லவில்லை. போகிறவர் கேட்கலாம். இந்தப் பண்ணையில் ஆட்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? தொழிற்சங்கத்துக்கு அனுமதி உண்டா? ருசி அறையில் 'இது எந்தப் பீப்பாய்' என்று கேட்கும் அதே குரலில் இதையும் கேட்கலாம். பதில் சொல்பவரின் முகம் மாறினால் அதுவே எழுத நல்ல விஷயம். ஃபிரான்ஸ்ஹூக் பள்ளத்தாக்கில் சோம்ஸ்-டெல்டா என்ற பண்ணையே தன் நிலத்தில் உழைத்த அடிமைகளின் வரலாற்றுக்காக ஓர் அருங்காட்சியகத்தை 2000களில் அமைத்தது. பின்னர் அந்தப் பண்ணை நிதி நெருக்கடியில் சிக்கியது வேறு கதை. அதுவும் எழுத வேண்டிய கதைதான். கேப் டவுன் நடுவிலேயே, கம்பெனி தன் அடிமைகளை அடைத்து வைத்த 1679ஆம் ஆண்டுக் கட்டடம் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஸ்டெல்லன்போஷ் நடுவில் டி விளாக்டெ என்ற பகுதியை 1964இல் 'வெள்ளையர் பகுதி' என்று அறிவித்து 'கலர்ட்' என வகைப்படுத்தப்பட்ட குடும்பங்களை வெளியேற்றினார்கள். அந்த நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது நிற்பது பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம். இலக்கியம் சொல்லிக்கொடுக்கும் இடம்! ஓக் மர நிழலில் காபி குடித்தவர் நடந்து போகிற தூரம்.

நமக்கு இது புதிதும் இல்லை. பி.எச். டேனியல் 1969இல் எழுதிய 'ரெட் டீ', இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆக வந்தபிறகு தமிழில் தேயிலை மலையை வெறும் பச்சையாக எழுத முடியவில்லை. எழுதினால் வாசகரே சிரித்துவிடுவார். வால்பாறையில் கற்ற பாடத்தைக் கேப்பில் இறங்கியதும் ஏன் தொலைக்கிறோம்? வால்பாறையில் நாம் ஊர்க்காரர்கள். அங்கே நாம் வாடிக்கையாளர்கள். வாடிக்கையாளரின் கண் வந்ததும் எழுத்தாளரின் கண் போய்விடுகிறது.

இந்தக் கட்டுரைகளில் எனக்கு மிகப் பெரிய ஏமாற்றம் அந்த ஜோடியே. இரண்டு பேர் போகிறார்கள், ஆனால் ஒரே ஆள் பார்த்ததுபோல் எழுதப்பட்டிருக்கிறது. வண்டி ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவர் ஓரத்தைப் பார்க்கிறார். அவருக்கு வேறு என்னவோ தெரிந்திருக்கும். விமான நிலையத்திலிருந்து என்2 நெடுஞ்சாலையில் ஏறி ஸ்டெல்லன்போஷ் போகும்போது, நிறவெறி அரசு 1983இல் உருவாக்கிய காயலிட்ஷாவின் தகரக் கொட்டகைகள் சாலையோரம் நீண்டுகொண்டே போகின்றன. காருக்குள் ஒருவர் பேச்சை நிறுத்தியிருப்பார். இன்னொருவர் பாட்டை மாற்றியிருப்பார். அதை வைத்து ஒரு சண்டை வந்திருக்கலாம். காதலைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் ஒரே சமயத்தில் சொல்லக்கூடிய கட்டுரை அந்தச் சண்டையில்தான் இருந்தது. அதை வெட்டிவிட்டு நமக்குச் சூரிய அஸ்தமனத்தைக் கொடுத்தார்கள்.

அடுத்தமுறை எழுதும்போது கணவாயின் உயரத்தை எழுதுங்கள். கல் உருட்டியவர் யாரென்றும் எழுதுங்கள். ஒயினின் ஆண்டை எழுதுங்கள். அந்த ஆண்டில் அதைப் பறித்தவரின் நாள்கூலியையும் எழுதுங்கள். இரண்டே வரிதான் கூடுதல். அந்த இரண்டு வரி இல்லாதவரை, நீங்கள் கணவாயைக் கடந்து போனீர்கள் என்பதை நம்புகிறேன். பார்த்தீர்கள் என்பதை நம்பவில்லை.